துரைக்காட்டுப் பங்காளிகள்

மேஸ்திரிக்கொட்டாயில் நான் ரேஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எனக்குச் சொந்த ஊர் அதியமான்கோட்டை. அங்கிருந்து தினமும் வந்துபோக முடியாது. அதனால் மாதா கோயில் தெருவில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தேன். எதிர்வீடு லூர்தம்மாளுடையது. வெளியூர்க்காரன் என்பதால் ஊர்ச்சண்டையில் எனக்குப் பங்கு கிடையாது. எதிர்வீட்டுக்காரன் என்பதால் அதிலிருந்து தப்பிக்கவும் வழி கிடையாது.

மாசி பிறந்தால் அந்தத் தெருவுக்கே புளிப்பு வாசனை வந்துவிடும். லூர்தம்மாளின் புருஷன் அருள்நாதன் விடியுமுன் மரமேறி உலுக்குவார். பழம் காப்பிக்களத்தில் கொட்டும். பகலெல்லாம் காயவைத்து, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்கிற வேலை. லூர்தம்மாள் கல்லின் மேல் பழத்தை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டுகிற வேகத்தைப் பார்த்தால் விரல் நசுங்கிவிடும் என்று நமக்குத்தான் பயமாக இருக்கும். அந்த அம்மாளுக்குப் பயம் என்று ஒன்று இருந்ததாக நான் அங்கிருந்த ஆறு வருஷத்தில் கண்டதில்லை. புருஷனுக்கும் சேர்த்து தைரியம் அவளிடமே வந்துவிட்டது. அருள்நாதன் மரத்தின் உச்சிக்கிளை வரைக்கும் போவார், தாலுக்கா ஆபீஸ் படி ஏறச் சொன்னால் கால் நடுங்கும்.

காப்பிக்களம் என்று சொன்னேன். அந்த வறண்ட ஊரில் காப்பிக்கு என்ன வேலை என்று நானும் முதலில் கேட்டேன். மலைமேல் ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் காப்பித் தோட்டம் போட்டிருந்தான். பென்னட் துரை என்பார்கள். மேலே பறித்த காயைப் பொதிகழுதைகளில் ஏற்றி அடிவாரத்துக்குக் கொண்டுவந்து, சுண்ணாம்புக் காரை போட்ட களத்தில் உலர்த்தி, வண்டி ஏற்றி அனுப்புவார்களாம். களத்தைச் சுற்றியிருந்த நிலத்துக்குத் துரைக்காடு என்று பேர். கூலியாட்களைச் சேர்த்து மலைக்கு அழைத்துப்போன மேஸ்திரி மாதையன். தோட்டத்தில் பூச்சி விழுந்து காப்பி பட்டுப்போனதும் துரை சீமைக்குக் கப்பலேறினான். போகும்போது துரைக்காட்டை மாதையன் பேருக்கு விட்டுவிட்டுப் போனான். ஊருக்கும் மேஸ்திரிக்கொட்டாய் என்றே பேர் நின்றுவிட்டது. வெள்ளைக்காரன் போட்ட காரை நூறு வருஷமாகப் பெயரவில்லை. இப்போது அதில் புளியும் நிலக்கடலையும் ராகியும் காய்கின்றன.

மாதையனுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் பச்சியப்பன், இளையவன் மாது. தோட்டத்தில் வாந்திபேதி வந்தபோது மாதுவைக் குடிசையில் போட்டுவிட்டு எல்லோரும் ஓடிவிட்டார்கள். வழியில் வந்த ஒரு பாதிரியார்தான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாராம். பிழைத்தவன் வேதத்தில் சேர்ந்து அந்தோணி ஆகித் திரும்பி வந்தான். பச்சியப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. செத்துப்போனான் என்று நினைத்த தம்பி உயிரோடு வந்ததே போதும் என்று கட்டிப்பிடித்து அழுதாராம். அப்பன் காலத்துக்குப் பிறகு துரைக்காட்டைப் புளிய மர வரிசையை எல்லையாக வைத்து இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். மேற்குப் பாதி பச்சியப்பன் வகையறாவுக்கு, களம் இருக்கிற கிழக்குப் பாதி அந்தோணி வகையறாவுக்கு. காகிதத்தில் மட்டும் மாதையன் பேர் அப்படியே இருந்தது. வாய்ச்சொல்லே போதும் என்று அண்ணன் தம்பி இருவரும் நினைத்துவிட்டார்கள். பேரன்கள் எப்படி இருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

சாமி இரண்டானாலும் சாவு இரண்டாகவில்லை. ஒரு வீட்டில் உயிர் போனால் மற்ற வீட்டிலும் பங்காளித் தீட்டு. சேதி காதில் விழுந்ததும் வாயில் இருக்கிற சோற்றோடு எழுந்துவிட வேண்டும். ஆக்கின பானையைக் கொண்டுபோய்க் கவிழ்க்க வேண்டும். பெண்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். கருமாதியன்று ஆண்கள் மொட்டை அடித்துக்கொள்கிற வரை நல்ல காரியம் எதுவும் கூடாது. பச்சியப்பனின் மகன் ஒரு டிசம்பர் மாத நடுவில் செத்தாராம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டுச் சவரிமுத்துக் கிழவர் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. பங்குச்சாமியார் வந்து கோபித்தபோது கிழவர் சொன்ன பதிலைத் தெருவே எனக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னது.

"சாமி, ஆண்டவரு பொறந்தது சந்தோசந்தாங்க. ஆனா எங்கண்ணன் செத்துட்டானுங்களே."

சவரிமுத்து அந்தோணியின் மகன், லூர்தம்மாளின் மாமனார். எண்பதைத் தொட்டவர். பகலெல்லாம் களத்து ஓரம் புளிய மர நிழலில் கயிற்றுக் கட்டிலில் கிடப்பார். அர்ச்சுனன் பச்சியப்பனின் பேரன். மேற்குப் பாதியை உழுகிறவர். கிழவரைச் சித்தப்பா என்றும், லூர்தம்மாளை அண்ணி என்றும் கூப்பிட்டே வளர்ந்தவர். கெட்ட மனுஷர் இல்லை. நான் கடையில் சீமெண்ணெய் ஊற்றும்போது வரிசையை ஒழுங்குபடுத்திக் கொடுப்பார். ஆனால் ஊருக்குத் தார் ரோடு வந்தது. அது கிழக்குப் பாதியை ஒட்டிப் போனது. அவர் மகள் பாஞ்சாலிக்கு அரூர்ப் பக்கம் நல்ல இடம் ஒன்று தகைந்தது. ரோட்டோரம் நிலம் இருந்தால் மாப்பிள்ளை மாவு மில் போடுவார் என்று சம்பந்தி பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார். அவ்வளவுதான், மனுஷருக்குப் புத்தி திரும்பிவிட்டது.

அந்த வருஷங்களில் அரசாங்கம் எல்லாப் பட்டாக்களையும் புதிதாக எழுதிக்கொண்டிருந்தது. பங்குனி வெயிலில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் தாசில்தார் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார். மாதையன் பேரைப் படித்து வாரிசு யார் என்று கேட்டார். அர்ச்சுனன் எழுந்து, தான் ஒருவன்தான் என்றார். மாது என்று ஒருவர் இருந்ததாகவும், சின்ன வயதிலேயே தோட்டத்தில் பேதியில் போய்விட்டதாகவும், கிழக்குப் பாதியை வேதக்காரர்களுக்குத் தாத்தா காலத்தில் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டதாகவும் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் எழுதியும் கொடுத்தார்.

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும். எல்லோரும் கூரை ஓட்டைப் பார்த்தார்கள். அருள்நாதன் தலையைக் குனிந்துகொண்டார். லூர்தம்மாள் புளி ஒட்டின கையோடு எழுந்து நின்றாள்.

"கொழுந்தனாரே, மாது செத்துட்டாருன்னா எங்க மாமனாரு யாரு?"

அர்ச்சுனன் அவள் பக்கம் திரும்பவில்லை. தாசில்தாரைப் பார்த்தே பதில் சொன்னார்.

"பெரியவரு அந்தோணிங்கறவரு மவனுங்க. நல்ல மனுசரு. எங்க சனமில்லீங்க."

தாசில்தார் நியாயஸ்தர். வைகாசிக் கடைசியில் மறுபடி வருவதாகவும், மாதுவும் அந்தோணியும் ஒரே ஆள் என்று காட்ட ஏதாவது இருந்தால் அதற்குள் கொண்டுவந்து கொடுங்கள் என்றும் சொன்னார். இல்லாவிட்டால் பட்டா அர்ச்சுனன் பேருக்குத்தான் போகும் என்பதையும் மறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் களத்துக்கு நானும் போயிருந்தேன். கிழவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அர்ச்சுனன் என்ன சொன்னான் என்று கேட்டார். லூர்தம்மாள்தான் மறைக்காமல் சொன்னாள். பெரியவர் என்று சொன்னதைக் கேட்டதும் கிழவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"நெலம் வேணும்னு வந்து கேட்டிருந்தா குடுத்துட்டுப் போயிருப்பன். என்ன யாருன்னே தெரியாதுன்னுட்டானே."

"நெலத்தயும் குடுக்க வேணாம் மாமா," என்றாள் லூர்தம்மாள். "அவுரு வாயாலயே உங்கள சித்தப்பான்னு சொல்ல வெக்கறன். நீங்க களியத் தின்னுங்க."

கிழவர் சாப்பிடவில்லை. அன்றிலிருந்தே அவருக்குச் சாப்பாடு குறைந்துபோனது.

சித்திரையில் ஒரு நாள் லூர்தம்மாள் கடைக்கு வந்து, மலைத் தோட்டத்துக்குப் போகிறேன், இங்கிலீஷ் படிக்க ஒரு ஆள் வேண்டும் என்றாள். என்னுடைய இங்கிலீஷ் மூட்டை மேல் அச்சடித்திருப்பதைப் படிக்கிற அளவுக்குத்தான். அதைச் சொன்னேன். அவள் விடவில்லை. அருள்நாதன், அவள், நான் மூவருமாக அரூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மலையடிவாரம் வரை போனோம். பிறகு துரை ரோடு என்கிற பொதிகழுதைத் தடத்தில் நடந்தோம். பாறையும் உண்ணிச்செடியுமாக இருந்தது. லூர்தம்மாள் ராகிக் களி உருண்டையும் புளிச்சாறும் தூக்குப்போசியில் கொண்டுவந்திருந்தாள். பாதி வழியில் ஒரு சுனையோரம் உட்கார்ந்து தின்றோம். மாது இதே வழியாகத்தான் தோளில் இறங்கி வந்திருப்பார் என்று அருள்நாதன் மெதுவாகச் சொன்னார். அவ்வளவு தூரத்துக்கு அவர் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

தோட்டம் பல கை மாறிச் சேலத்து வியாபாரி ஒருவரிடம் இருந்தது. மேனேஜர் மரியாதையான ஆள். பழைய பங்களாவின் பின்னறையில் தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். கரையான் தின்றது போக மிச்சமிருந்த பேரேடுகளில் கூலியாட்களின் பேர் இருந்தது. பாதி நாள் தேடி மாதுவைக் கண்டுபிடித்தோம். பேர் இருந்தது, மேஸ்திரி ஆள் என்று இருந்தது. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடும் இருந்தது. செத்தவர்களுக்கும் ஓடிப்போனவர்களுக்கும் துரைகள் அப்படிக் கோடு போடுவார்கள் என்றார் மேனேஜர். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் அர்ச்சுனன் பேச்சுக்கு நாமே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

லூர்தம்மாள் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துரைக்கு ஆளு வேலைக்கி வரலன்னா செத்த மாதிரித்தான். அவன் கோடு போட்டா போட்டுக்கட்டும். கோடு போட்டவன்தான் ஓடிப்போனான், எங்க தாத்தா திரும்பி வந்தாரு."

மறுவாரம் பழைய மிஷன் கோயிலுக்குப் போனோம். அங்கிருந்த சாமியார் லத்தீனில் எழுதின ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துப் படித்துச் சொன்னார். அந்தோணி, வயது வந்தவர், மலைத் தோட்டத்துக் கூலி. தகப்பன் பேர் எழுதவில்லை. வேதத்துக்கு வெளியே இருந்த தகப்பன் என்பதால் அந்தக் காலத்துச் சாமியார் விட்டுவிட்டார் போலிருக்கிறது என்றார். லூர்தம்மாள் அவரையும் விடவில்லை. பெற்றவன் மாதா கோயிலுக்கு வராதவன் என்றால் பெற்றவனே இல்லை என்றாகிவிடுமா சாமி என்று கேட்டாள். அவர் பாவம், குடிக்கக் காப்பி கொடுத்து அனுப்பினார்.

ஆக, ஒரு காகிதத்தில் மாது முடிந்துபோனான். இன்னொரு காகிதத்தில் அந்தோணி எங்கிருந்தோ தொடங்கினான். இரண்டையும் சேர்த்துக் கட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அருள்நாதன், போதும், விட்டுவிடலாம், அரூரில் மூட்டை தூக்கியாவது பிழைத்துக்கொள்ளலாம் என்றார். அவள் அவரைத் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, ஊர் வரும் வரைக்கும் முகத்தைக் காட்டவில்லை.

வைகாசி பிறந்தது. அர்ச்சுனன் வீட்டில் பந்தக்கால் நட்டார்கள். கல்யாணத்துக்கு இன்னும் சில நாட்கள்தான். கல்யாணச் சர்க்கரைக்கு நாலைந்து கார்டுகளைச் சேர்த்து என்ன செய்யலாம் என்று பேச என்னை ஒரு காலையில் வரச்சொல்லியிருந்தார். போனால் அரூர்ச் சம்பந்தியும் வந்திருந்தார். அர்ச்சுனன் பெண்டாட்டி காசியம்மாள் எங்கள் மூவருக்கும் இலை போட்டுவிட்டாள். சூடான களி, நாட்டுக்கோழிக் குழம்பு. எதிரிவீட்டுச் சோறு என்று மனசு உறுத்தியது என்றாலும் குழம்பு வாசனை அதை அடக்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் என்ன.

நாலு வாய் சாப்பிட்டிருப்போம். மாதா கோயில் மணி அடித்தது. ஒன்று அடித்து, நின்று, மறுபடி ஒன்று. துக்க மணி. அர்ச்சுனன் தலையைத் தூக்கினார். தெருவில் போன குள்ளம்மாள் கிழவி யாரிடமோ, சவரிமுத்து போய்ட்டாராம், கட்டில்லயே உசிரு போய்டுச்சாம் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அர்ச்சுனன் கையில் உருட்டியிருந்த களியை இலையில் வைத்தார். எழுந்தார். நேரே முற்றத்துத் தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவி, வாயைக் கொப்புளித்துத் துப்பினார். அடுப்படியில் பானை நகரும் சத்தம் கேட்டது. காசியம்மாள் களிப்பானையையும் குழம்புச் சட்டியையும் புழக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. பிறந்ததிலிருந்து பழகின உடம்பு, தான் ஆபீசில் எழுதிக்கொடுத்தது எதையும் கேட்காமல் எழுந்துவிட்டது.

சம்பந்தி இலையில் கை வைத்தபடியே இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்தது யாருங்க? பங்காளியா?"

அர்ச்சுனனுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, இல்லைங்க, ஊர்ப் பெரியவர், பழக்கத்தில் எழுந்துவிட்டேன் என்றார்.

"எங்க ஊர்லயும்தான் சாவு வுழுது. சோத்த வுட்டு எந்திரிக்க மாட்டம்," என்றார் சம்பந்தி. "பங்காளியா இல்லியா, ஒரே வார்த்த சொல்லுங்க."

காய்ந்த கையையே அர்ச்சுனன் மறுபடியும் துண்டில் துடைத்தார். உண்டென்று சொன்னால் நிலம் போகும். இல்லையென்று சொன்னால் மகள் கழுத்தில் தீட்டோடு தாலி ஏறும். புழக்கடையிலிருந்து காசியம்மாள் வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் பாஞ்சாலியும் நனைந்த தலையோடு நின்றாள்.

"பங்காளிதாங்க," என்றாள் காசியம்மாள். "எங்க மாமனாருக்கு சித்தப்பன் மவன். அவருதான் எங்க கல்யாணத்துல பங்காளி மொறைக்கி முன்ன நின்னவரு. தீட்டு கழியாம எம்பொண்ணு மணவற ஏற மாட்டா. நெலம் வேணும்னா அவரு ஆபீசுல கேட்டு வாங்கிக்கட்டும், எனக்கு வேணாம்."

சம்பந்தி எழுந்து கை கழுவினார். நிலம் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம், தீட்டோடு பெண்ணெடுத்தால் எங்கள் சனம் என்னை வீட்டுக்குள் விடாது என்றார். கல்யாணத்தை ஆனி முகூர்த்தத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனார்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. கிழவரைத் துரைக்காட்டு வழியாக, அவர் கட்டில் கிடந்த களத்தைச் சுற்றித் தூக்கிப் போனார்கள். அது லூர்தம்மாள் பிடித்த பிடிவாதம். கல்லறைத் தோட்டத்தில் சாமியார் மந்திரித்து முடித்ததும், பங்காளிகள் முதல் மண் போட வேண்டும். அர்ச்சுனன் சுவருக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளேயும் வரவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. கண் சிவந்திருந்தது. அவருக்கு அழுகை வந்தது பொய்யென்று நான் சொல்ல மாட்டேன்.

லூர்தம்மாள் அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடம் நடந்தாள். குழியைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பங்காளியா வந்திருந்தா உள்ள வந்து மண்ணு போடுங்க. ஊர்ப் பெரியவரப் பாக்க வந்திருந்தா வெளியவே நில்லுங்க. சவத்த எறக்கிட்டம், காத்திருக்க முடியாது."

அர்ச்சுனன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மூன்று கைப்பிடி மண் போட்டார். வந்த வழியே போய்விட்டார். அன்று மாலை, எல்லாம் சரியாகிவிடும் போலிருக்கிறதே என்று நான் லூர்தம்மாளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். மண் போட்ட கை வேறு, ஆபீசில் எழுதின கை வேறு என்று நினைக்கிற ஆள் அவர் என்றாள்.

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துக் கடையில் நின்றுகொண்டே அர்ச்சுனன் நாலு பேர் கேட்கச் சொன்னார், காரியம் வேறு காகிதம் வேறு என்று. தீட்டு ஊருக்குக் கட்டுப்பட்டது, பட்டா சர்க்காருக்குக் கட்டுப்பட்டது, சர்க்காரிடம் கொடுத்த எழுத்தை மாற்றினால் தன்னைப் பொய்யன் என்பார்கள் என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் கார்டுக்கு அளந்த கோதுமையைக் கொஞ்சம் ஓங்கியே கொட்டினேன். ரேஷன் கடைக்காரனால் முடிந்தது அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் ஏரிக்கரையில் கருமாதி. வேதக்கார வீடு என்றாலும் அருள்நாதன் மொட்டை போட்டுக்கொண்டார். அர்ச்சுனனும் உட்கார்ந்தார். உட்காராமல் முடியாது. மொட்டை விழுந்தால்தான் தீட்டு கழியும், தீட்டு கழிந்தால்தான் பந்தக்காலுக்கு மறுபடி மஞ்சள் பூச முடியும். காசியம்மாள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாவிதர் கத்தி பிடித்த நேரத்தில் அர்ச்சுனன் கண்ணை மூடிக்கொண்டார். மீசையும் போன முகம் சவரிமுத்து கிழவரின் முகத்தையே உரித்து வைத்திருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அதைச் சொன்னார்கள்.

மறுநாளே தாசில்தார் வந்தார். பள்ளிக்கூடம் நிரம்பி வழிந்தது. அர்ச்சுனன் தலையில் பெரிய உருமாலாகத் துண்டு கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம், பெரிய மனுஷர் முன்னால் தலையில் துண்டோடு யாரும் உட்காரமாட்டார்கள். கட்டியிருந்தாலும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு அர்ச்சுனன் எடுக்கவில்லை.

தாசில்தார் லூர்தம்மாளைக் கூப்பிட்டு, ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார்.

"தேடிப் போனங்க. துரை மாதுவ கோடு போட்டு அடிச்சு வெச்சிருக்கான். சாமியாரு அந்தோணிக்கி அப்பன் பேர எழுதாம வுட்டுட்டாரு. காகிதம் ஒண்ணும் இல்லீங்க."

காகிதம் இல்லாமல் நான் எப்படியம்மா எழுதுவது என்றார் அவர். குரலில் வருத்தம் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு செய்யுங்க சார். எங்க கொழுந்தனாரு தலையில கட்டியிருக்கற துண்ட எடுக்கச் சொல்லுங்க."

பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். தாசில்தாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அர்ச்சுனனைப் பார்த்துத் துண்டை எடுக்கும்படி கைகாட்டினார். அர்ச்சுனன் அசையவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து காசியம்மாள் எழுந்து நின்றாள். அர்ச்சுனன் அவளைப் பார்த்தார். பிறகு மெல்லத் துண்டை அவிழ்த்தார்.

லூர்தம்மாள் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அவர் பக்கத்தில் நிறுத்தினாள். இரண்டு மொட்டைத் தலைகள், ஒரே நாள் மழித்தவை, ஒரே மாதிரி சந்தனம் பூசியவை.

"இவரு பெத்த அப்பனுக்கு எடுத்தாருங்க. அவுரு யாருக்கு எடுத்தாருன்னு கேளுங்க. எங்கிட்ட இருக்கற ரெக்கார்டு அதுதான்."

தாசில்தாரும் தமிழ்நாட்டு மனுஷர்தானே. பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். தணிந்த குரலில் கேட்டார்.

"யாருக்குங்க மொட்டை?"

அர்ச்சுனன் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"சித்தப்பாவுக்குங்க."

"சித்தப்பான்னா?"

"எங்க தாத்தாவோட தம்பி மவன்."

"தாத்தாவோட தம்பி பேரு?"

அர்ச்சுனன் அருள்நாதனைப் பார்த்தார், லூர்தம்மாளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"மாது," என்றார் அர்ச்சுனன்.

போன தடவை சொன்னது தப்பு என்று அவரே சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாசில்தார் கோபிக்கவில்லை. குமாஸ்தாவை அழைத்து, கிழக்குப் பாதியை அருள்நாதன் பேருக்கு எழுதச் சொன்னார். லூர்தம்மாள் மேசைப் பக்கம் போய் நின்றுகொண்டு, ஒவ்வொரு பேராகச் சொல்லி எழுதவைத்தாள். மாதையன் மகன் மாது, அவர் மகன் சவரிமுத்து, அவர் மகன் அருள்நாதன். மாது என்று எழுதினால் போதுமா, அந்தோணி வேண்டாமா என்று குமாஸ்தா கேட்டான்.

"ரெண்டையும் எழுதுங்க. ரெண்டும் எங்காளுதான். கோடு மட்டும் போட்டுராதீங்க."

வெளியே வந்ததும் அருள்நாதன் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். லூர்தம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அர்ச்சுனன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார்.

"அண்ணி," என்றார். "தப்புப் பண்ணிட்டன். ஆனி மொத முகூர்த்தத்துல பாஞ்சாலி கல்யாணம். நீங்க வரணும்."

அவள் சிரிக்கவில்லை. அவ்வளவு சுலபமாக விட்டுவிடுகிற ஆளா அவள்.

"தேதி மாறிப் போச்சே, பத்திரிக மறுபடி அடிக்கணுமில்ல?"

"அடிக்கணும். நாளைக்கி அரூர் போறன்."

"பங்காளிங்க பேரு போடற எடத்துல மொதல்ல எங்க மாமனாரு பேர போடுங்க. காலஞ்சென்ற சித்தப்பா சவரிமுத்துன்னு அச்சுல வரணும். அந்தப் பத்திரிகய மஞ்ச தடவிக் கொண்டாந்து என் கையில குடுங்க. அப்பறம் வரன்."

அர்ச்சுனன் தலையாட்டினார். அவள் புருஷனை எழுப்பினாள். களத்தில் புளி காய்கிறது, மாடு வாய் வைத்துவிடும் என்று சொல்லிக்கொண்டு துரைக்காட்டுப் பக்கம் நடந்தாள்.

பத்திரிகை வந்தது. படித்துக்காட்டச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தாள். நான் படித்தேன். அந்த வரி வந்ததும் நிறுத்தச் சொல்லி, அதை மட்டும் இன்னொரு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தேன். கடை வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.